தோப்பில் ஒரு ராத்திரி: மதுரைப் பக்கம் குடும்பத்தோடு டென்ட் போடுவதற்கு முன்

குடும்பத்தோடு ஒரு ராத்திரி வெளியில் தங்கலாம் என்று பேச்சு வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி சிறுத்தை வருமா, யானை வருமா என்பதுதான். மதுரையைச் சுற்றி அடிக்கடி ஆளை அடிப்பவை வேறு: கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கரம்பை மண் அள்ளிய கண்மாய்க் குழி, தரையில் படுத்தவரைக் கடிக்கும் கட்டுவிரியன், சித்திரை வெயில், காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக இழுத்துவிட்ட கரண்டுக் கம்பி. இவற்றில் பெரும்பாலானவற்றை இடம் பார்க்கப் போகும்போதே ஒதுக்கிவிட முடியும். அதனால் டென்ட் என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன், தங்கப்போகும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, இருட்டிய பிறகு போய் இறங்குவதுதான் பல சிக்கல்களுக்குத் தொடக்கம்.

எங்கே தங்கலாம்

அழகர்மலை, சிறுமலை, மேகமலை, குரங்கணி காப்புக்காடுகள் எல்லாம் வனத்துறையின் இடங்கள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம்; டென்ட் போட்டு அடுப்பு மூட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதன் சரிவில் ஏறும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகம். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது மலைப்பாதைகளை மூடிவைப்பதும் இதனால்தான். காட்டுக்குள் நடந்தே ஆகவேண்டும் என்றால் 2024இல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். சின்னப் பிள்ளைகளோடு ராத்தங்கலுக்கு அது சரிப்படாது.

குடும்பத்துக்கு ஏற்றது பட்டா நிலம். பாலமேடு, அலங்காநல்லூர், நத்தம் பக்கம் மாந்தோப்பு. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. சிறுமலையில் தனியார் காப்பி, வாழைத் தோட்டங்கள். சொந்தக்காரர், தெரிந்தவர் தோப்பாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி, காவல்காரர் யார், அவர் ராத்திரி அங்கேயே இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோப்பில் நாய் இருந்தால் காவல்காரரை வைத்து முதலிலேயே உங்கள் பிள்ளைகளோடு பழக்கிவிட வேண்டும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பக்கத்து நிலத்தில் பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறார்களா? மலையடிவாரத்தில் இது சட்டத்துக்கு விரோதமாக நடப்பதுதான். கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். 'அந்தப் பக்கம் ராத்திரி போகாதீங்க' என்று பதில் வந்தால் அதுவே போதும், வேறு தோப்பு பாருங்கள். அடுத்தது, மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று? மார்கழி முதல் மாசித் தொடக்கம் வரை டென்ட் போட நல்ல காலம். மா பூக்கும் காலமும் அதுதான். தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் பருவமும் அதுவே. அடித்து இரண்டு வாரம் ஆகாத தோப்பில் பிள்ளைகளைப் புரளவிட வேண்டாம். மருந்து டப்பாக்கள் பெரும்பாலும் மோட்டார் ரூமில்தான் கிடக்கும். அந்த அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கருப்பசாமி, அய்யனார் கோயில் திடல்களிலும் கோயில்காடுகளிலும் தங்க வேண்டாம். நிழலும் சுத்தமும் ஆளை இழுக்கும். ஆனால் செருப்பு, கறி, இரவுச் சத்தம் என்று ஊர்க்காரர்களோடு மனத்தாங்கல் வந்தால், அவசரத்துக்கு ஓடிவர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

தரையைப் படிப்பது

தோப்புக்குள் எந்த மூலையில் டென்ட் என்பதைத் தலைக்கு மேலிருந்து தொடங்கி முடிவு செய்யுங்கள். தென்னைக்கும் பனைக்கும் அடியில் கூடாது. காயும் மட்டையும் காற்றே இல்லாத நேரத்திலும் விழும். தென்னந்தோப்பென்றால் வரிசைகளுக்கு நடுவே அல்ல, தோப்புக்கு வெளியே களத்திலோ வெட்டவெளியிலோ போடுங்கள். முருங்கைக்கு அடியில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொட்டும். பொந்து விழுந்த பழைய புளியமரத்தில் பாம்பும் தேனீயும் குடியிருக்கும். மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கட்டிய பந்து போன்ற கூடு தெரிந்தால் அது முசுறு என்னும் கடியெறும்பு. அதற்கு அடியில் பாய் விரித்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. பெரிய மரக்கிளையிலோ பாறைச் சரிவிலோ மலைத்தேனீயின் அடை தொங்கினால், அந்த இடத்தை விட்டே வெகுதூரம் தள்ளிப் போய்விடுங்கள். அடுப்புப் புகையே அவற்றைக் கிளப்பிவிடப் போதும்.

பிறகு தரை. வைக்கோல் படப்பு, விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, கரையான் புற்று, எலி வளை உள்ள வரப்பு இவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளுங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஓடை, வாய்க்கால், கண்மாயின் உள்வாய் எதிலும் டென்ட் கூடாது, அது எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் சரி. மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலே ஓடையில் இறங்கி வரும். கும்பக்கரை போன்ற அருவிகளில் குளிப்பதற்கு அடிக்கடி தடை போடுவதற்குக் காரணமும் இதுதான். வைகைக் கரைத் தோப்பில் தங்குவதென்றால் அன்றைய அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 66ஐத் தொட்டுவிட்டாலே ஆற்றங்கரைத் திட்டத்தைக் கைவிடலாம்.

கிணறுதான் மிகப் பெரிய ஆபத்து. இந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பல, தரை மட்டத்திலேயே வாய் திறந்து, விளிம்பில் புல் மூடிக் கிடக்கும். பாழுங்கிணறு இன்னும் மோசம். பகலிலேயே உரிமையாளரோடு நடந்து எத்தனை கிணறு, எங்கெங்கே என்று எண்ணிவிடுங்கள். டென்டுக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 100 அடி இருக்கட்டும். டென்டிலிருந்து கழிப்பிடம் போகும் வழியில் கிணறு இருக்கவே கூடாது. கிணற்றைச் சுற்றிக் குச்சி நட்டு, இடுப்புயரத்தில் வெள்ளைக் கயிறு கட்டி, நடுநடுவே வெள்ளைத் துணிக் கிழிசல்களைத் தொங்கவிட்டால் டார்ச் வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரியும். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கி நிற்கும் பச்சைத் தண்ணீர் படம் எடுக்க அழகாக இருக்கும். செங்குத்தாக வெட்டிய சுவர், கால் வைக்க ஒரு படி கிடையாது. நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் சோர்ந்து மூழ்குவது அதனால்தான்.

கண்மாயில் முழங்கால் ஆழம்தானே என்று இறங்குவதும் அப்படித்தான். வண்டல், கரம்பை அள்ளிய இடங்களில் திடீரென இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கலங்கிய தண்ணீரில் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

என்றைக்குப் போவது

மார்கழி, தை, மாசித் தொடக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், டென்டுக்குள் ராத்திரி பத்து மணி வரை புழுக்கம் அடங்காது. கோடை மழையோ மாலை நேரத்தில் இடியோடு வரும். நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். அந்த நாட்களில் அந்தச் சாலைகளில் ஆம்புலன்ஸ் நகர்வதே கஷ்டம். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவில் சாலையும் அப்படியே. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல், நத்தம் சாலைகளில் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் விடிய விடிய நடப்பார்கள். அப்போது இருட்டில் வண்டி ஓட்டாமல் மூன்று மணிக்குள் தோப்பைச் சேர்ந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில்

ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி இரண்டு பிரதி: ஒன்று உங்கள் சட்டைப்பையில், ஒன்று மதுரையில் இருக்கும் ஒரு உறவினரிடம். தோப்பு உரிமையாளர், காவல்காரர் பெயரும் நம்பரும். ஊர்ப் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம். மறுநாள் எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. தோப்பின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் எழுதுங்கள். டவர் இல்லாத இடத்திலும் போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப நெட் வேண்டும். எண்ணாக இருந்தால் சாதாரண அழைப்பிலேயே வாசித்துச் சொல்லிவிடலாம். இடம் பார்க்கப் போகும்போதே எந்த மூலையில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற எந்த அவசரத்துக்கும் 112.

ராத்திரி நேரத்தில் விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டிய முக்கியமான வரி. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், நத்தம் ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. பெரிய சிகிச்சைக்கு மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை, தேனிப் பக்கமென்றால் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு மணி நேரத்துக்குள் சேர முடியாத தோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டிய இடம் இல்லை.

டென்ட் போடுவது

நான்கு பேர் டென்ட் என்று விற்பதில் பெரியவர் இருவரும் சிறுவர் இருவரும் பை எதுவும் இல்லாமல் நெருக்கிப் படுக்கலாம். வசதியாகப் படுக்க ஆறு பேர் டென்ட் எடுங்கள். அடித்தளம் டென்டோடு சேர்த்துத் தைத்ததாக, ஜிப் முழுதும் மூடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத டென்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டு மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒருமுறை போட்டுப் பார்த்து, ஜிப் கடைசி வரை மூடுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கி, பிறகு செருப்போடு அங்குலம் அங்குலமாக மிதித்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று போதும், தார்ப்பாய், டென்ட் அடி, காற்று மெத்தை மூன்றையும் துளைத்துவிடும். சைக்கிள் டயரையே பஞ்சராக்கும் முள் அது. கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட் அடியைவிட நாலு பக்கமும் இரண்டு விரல்கடை உள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையும் பனியும் அதில் விழுந்து நேராக டென்டுக்கு அடியில் ஓடித் தேங்கும். பலரும் பெரிய தார்ப்பாயைப் பாதுகாப்பு என்று நினைத்து விரித்து, விடிகாலையில் நனைந்து எழுவார்கள்.

டென்டோடு தரும் மெல்லிய அலுமினிய முளைகள் மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் சரளையில் வளைந்துவிடும். இரும்புக் கடையில் 8 அங்குல இரும்பு முளையோ கட்டுமான ஆணியோ பன்னிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சுத்தியல். தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கரிசல் என்றால் சங்கதி வேறு. காய்ந்திருக்கும்போது முளை கெட்டியாக நிற்கும், ஒரு மழை பெய்தால் வெண்ணெயில் குத்தியதுபோல் கழன்று வந்துவிடும். அங்கே சிமென்ட் சாக்கில் பாதி மண் நிரப்பி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிடுவதுதான் வழி. கரிசலில் மழை வரும்போல் இருந்தால் காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். உள்ளே கொண்டுபோனால் டிராக்டர் வந்துதான் இழுக்கும். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியேறும் பக்கம் இருக்கட்டும். சாவி எங்கே என்பது எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

விளக்கை டென்டுக்குள் தொங்கவிடாதீர்கள். 20 அடி தள்ளி ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்கு, டென்டுக்குப் பக்கத்தில் இருட்டு. வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்கு எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர், சோறு, அடுப்பு

நான்கு பேருக்கு ஒரு ராத்திரிக்கு 20 லிட்டர் கேன் இரண்டு: ஒன்று குடிக்க, ஒன்று சமைக்கவும் கைகழுவவும். வெயில் காலமென்றால் மூன்று. தோப்புக் கிணற்றுத் தண்ணீர் குளிக்க ஆகும். குடிக்கத்தான் வேண்டுமென்றால் துணியில் வடிகட்டி, கொப்புளம் விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். காலிக் கேனை எறியாதீர்கள். மூடியை இறுக்கி, கைப்பிடியில் 30 அடிக் கயிறு கட்டிக் கிணற்றடியில் வைத்தால், தண்ணீரில் விழுந்தவருக்கு எறிய அதைவிட நல்ல மிதவை கிடைக்காது. நீங்கள் குதித்தால் இரண்டு பேரும் போக வாய்ப்பு உண்டு. எறிந்து பிடிக்கவைத்து இழுங்கள்.

வழியில் சாப்பிடப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெறும் சோறும் நம்புவதற்கில்லை. ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. மதியம் வடித்ததை ராத்திரிக்கு வைக்காமல் அங்கேயே புதிதாக வடியுங்கள். கோழியை மசாலா தடவிக் கொண்டுபோவதென்றால் முந்தின நாளே உறையவைத்து, ஐஸ் பெட்டியில் அடியிலும் மேலேயும் ஐஸ் போட்டு, இருட்டுவதற்கு முன்பே சமைத்துவிடுங்கள். ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டிருந்தால் அந்தக் கறியை நாய்க்குக்கூடப் போடாதீர்கள்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் அடுப்பு போதும். டென்டிலிருந்து 15 அடி, காற்று டென்டை விட்டு விலகி வீசும் திசையில். விறகடுப்பு ஆசைக்கு மூட்டுவதென்றால் பத்தடி வட்டத்துக்குச் சருகு முழுவதையும் மண் தெரியும்வரை பெருக்கி, செங்கல் மூன்று வைத்து மூட்டுங்கள். ஓடையில் கிடந்த கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள்; உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி அது வெடித்துத் தெறிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மண். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுப் போங்கள். தேங்காய் மட்டையும் நாரும் எரிந்திருந்தால் ஒருமுறை ஊற்றினால் போதாது. அவை உள்ளுக்குள் மணிக்கணக்காகக் கனன்று, காற்று எழுந்ததும் பற்றிக்கொள்ளும்.

சிறுமலை, கொடைக்கானல் குளிருக்குக் கரி அடுப்பை டென்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது தற்கொலைக்குச் சமம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தலைவலி என்று உணர்வதற்கு முன்பே எழ முடியாமல் போய்விடும். இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள்.

தீப்புண் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம்.

பிள்ளைகள்

இருட்டுவதற்கு முன் கயிற்றால் ஓர் எல்லை கட்டி, 'இதைத் தாண்டினால் பெரியவர் ஒருவர் கூட வரணும்' என்று ஒரே ஒரு விதி போடுங்கள். பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில்: வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும். இதை அங்கே போனதும் ஒருமுறை விளையாட்டாகச் செய்துகாட்டுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்பதைப் பெயர் சொல்லி மணிக்கணக்கில் பிரியுங்கள்: நாலிலிருந்து ஆறு சித்தப்பா, ஆறிலிருந்து எட்டு அத்தை என்று. எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்ற வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை.

பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்காமல் தோப்பிலிருந்து எந்தப் பிள்ளையும் திரும்பாது. குளிக்கட்டும். அதற்கு முன் தொட்டியின் அடியில் பாசி வழுக்குகிறதா, தண்ணீர் பிள்ளையின் இடுப்புக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பாதியைத் திறந்துவிடுங்கள். மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் காவல்காரர் வேலை. ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பக்கம் வேறு யாரும் போகக்கூடாது. பழைய மோட்டாரில் எர்த் சரியில்லாவிட்டால் இரும்புக் குழாயிலேயே கரண்ட் பாயும். அதனால் தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்திய பிறகு இறக்குவதுதான் நல்லது. ஊற்றும் தண்ணீருக்கடியில் நின்றால்தான் சந்தோஷம் என்று பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும்.

மூழ்கிய பிள்ளையை வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. மூச்சு வரும்வரை அல்லது 108 வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பாம்பும் தேளும்

இந்தப் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். எது கடித்தது என்று அடித்துக் கொண்டுபோய்க் காட்டத் தேவையில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கியதுதான் மிச்சமாக இருக்கும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், கடி பெரும்பாலும் வலிக்காது, பல் தடமும் தெரியாது. நடுஜாமத்திலோ விடியற்காலையிலோ ஒருவர் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தானாகச் சரிந்து, பேச்சு குழறினால், கடி தெரிகிறதா என்று தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பதில்தான் உயிர் போகிறது. தப்பிக்கும் வழி மிகச் சுலபம்: டென்ட் ஜிப்பை எப்போதும், ஒரு நிமிடம் வெளியே போனாலும், மூடுங்கள். வெளியே காற்றாடப் படுப்பவர் கயிற்றுக் கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கட்டும். வெறுந்தரையில் போர்வை விரித்துப் படுப்பது கூடவே கூடாது. செருப்பையும் ஷூவையும் உள்ளே வையுங்கள், காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போவதென்றால் இரண்டு பேர், மூடிய ஷூ, டார்ச் வெளிச்சம் காலடியில்.

கடித்துவிட்டால்: ஆளை உட்காரவையுங்கள் அல்லது படுக்கவையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் ஒரு குச்சியோடு சேர்த்துத் துண்டால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்தியரைத் தேடுவது எதுவும் வேண்டாம். கயிறு போட்டு இறுக்கினால் விரியன் கடியில் அந்தக் காலே அழுகிப்போகலாம். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கார் இல்லையென்றால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். போகும்போதே மருத்துவமனைக்குப் போன் போட்டுவிடுங்கள். சிகிச்சை தொடங்கவே 8 முதல் 10 குப்பி மருந்து வேண்டியிருக்கும். பிள்ளைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

தேளில் செந்தேள் கொட்டினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலி, சின்னப் பிள்ளைகளுக்கு உயிர் ஆபத்து. பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அதற்கு மருந்து உண்டு, மருத்துவமனையில் இருக்கிறது. பூரான் கடுமையாக வலிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. தேனீ கொட்டிய கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எறியுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108. குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும், பயணம் முடியட்டும் என்று தள்ளக்கூடாது.

இடி, வெயில்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 30 விநாடிக்குள் சத்தம் வந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லோரும் காருக்குள் ஏறி, கண்ணாடியை மூடி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். டென்ட் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. பனை, தென்னை, தனி மரம் எதன் அடியிலும் ஒதுங்காதீர்கள். இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் மின்னல் இருந்தால் அறிவிப்பு வரும்.

வெயிலில் ஆடிய பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, சோர்வு என்றால் நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பெரிய பாக்கெட் ஒன்று ஒரு லிட்டருக்கு. அரை டம்ளரில் கலக்கிக் கெட்டியாகக் கொடுத்தால் கெடுதல்தான். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உடம்பு கொதித்து, பேச்சு உளறினால் அது வெப்ப வாதம். குடிக்க எதுவும் கொடுக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

திரும்பி வந்த பிறகு

போட்டிருந்த துணி, போர்வை எல்லாவற்றையும் அன்றே சுடுதண்ணீரில் துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வருவது இந்தப் பக்கம் உண்டு. கடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, உடம்பின் மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு இது அடங்காது, சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் அந்த மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தோப்பில் தங்கிவிட்டு வந்தோம் என்பதை மருத்துவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.